ஒரு பூஜ்யம் கூடினால் உறுத்த வேண்டும்: குத்துமதிப்புப் போடும் முறை

ஒரு கண்மாயைத் தூர்வாரிய செய்தி அது. மாவட்டப் பக்கத்தின் மூலையில் எட்டே வரி. 20 டிப்பர் லாரிகள், 15 நாள் வேலை, 10 லட்சம் கன அடி மண் அகற்றம் என்று நிருபர் எழுதி அனுப்பியிருந்தார். இரவு பதினொன்றரை மணி, பக்கத்தை முடிக்கும் அவசரம். இந்தக் காலத்தில் யார் கன அடியில் எழுதுகிறார்கள் என்று நினைத்து, அதை அடித்துவிட்டுக் கன மீட்டர் என்று திருத்தினேன். எண்ணைத் தொடவில்லை, அலகை மட்டும் மாற்றினேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

நான்காம் நாள் ஓர் அஞ்சலட்டை வந்தது. டிப்பர் ஓட்டும் ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார். மூன்று யூனிட் வண்டி என்றால் ஒரு நடைக்கு 300 கன அடி மண். நீங்கள் போட்டிருக்கும் கணக்குப்படி ஒரு வண்டி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 நடை அடித்திருக்க வேண்டும். இரவு பகலாக ஓட்டினாலும் நான்கு நிமிடத்துக்குள் ஒரு நடை. மண்ணை அள்ளி, கொண்டுபோய்க் கொட்டி, திரும்பி வர வேண்டாமா? எங்கள் வண்டிக்கு இறக்கை கிடையாது ஐயா.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் என்பது 35 கன அடிக்குச் சற்று மேல். ஆக நான் ஒரே அடியில் மண்ணை 35 மடங்கு பெருக்கிவிட்டேன். நிருபர் எழுதியபடியே கன அடி என்று விட்டிருந்தால் மொத்தம் 3,333 நடை. 15 நாளுக்கும் 20 வண்டிக்கும் பிரித்தால் வண்டிக்கு ஒரு நாளைக்கு 11 நடை. எந்த ஓட்டுநரும் தலையாட்டி ஒப்புக்கொள்ளும் எண் அது.

அந்த மனிதருக்குக் கண்மாயின் பரப்பு தெரியாது. ஆழம் தெரியாது. பொறியாளரின் அறிக்கையைப் பார்த்ததில்லை. தன் வண்டி எவ்வளவு கொள்ளும் என்பது மட்டும் தெரியும். அதை வைத்தே என் செய்தியைக் கவிழ்த்துவிட்டார். அதன் பிறகு நாளிதழ் மேசையில் நான் இருந்த காலம் முழுவதும், எண் உள்ள எந்தச் செய்தியையும் ஓரத்தில் ஒரு சின்னக் கணக்குப் போடாமல் அனுப்பியதில்லை. அந்த வித்தையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: குத்துமதிப்பு. பலர் இதை ஏளனமாகப் பயன்படுத்துகிறார்கள், வாயில் வந்ததைச் சொல்வது போல. புளியந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் வியாபாரியைக் கேட்டுப் பாருங்கள். மரத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, இத்தனை மூட்டை என்பார். அவர் வாயில் வந்ததைச் சொல்லவில்லை. ஒரு கிளையைப் பார்த்து, கிளைகளை எண்ணி, மனத்துக்குள் பெருக்கியிருக்கிறார். தவறினால் அவர் கைக்காசுதான் போகும்.

எத்தனை பூஜ்யம் என்று கேளுங்கள்

குத்துமதிப்பில் நாம் தேடுவது விடையை அல்ல, விடையில் இருக்கும் பூஜ்யங்களை. ஆயிரங்களில் இருக்கிறதா, லட்சங்களிலா, கோடிகளிலா என்று தெரிந்தால் வேலை முடிந்தது. 40 ஆயிரமா 60 ஆயிரமா என்று இந்த இடத்தில் சண்டை போடக் கூடாது. இரண்டு மடங்கு கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. பத்து மடங்கு போனால்தான் தவறு. இந்த மனநிலை வருவதுதான் கடினம். பள்ளிக்கூடம் நமக்கு மூன்று தசம இடம் வரை சொல்லப் பழக்கியிருக்கிறது. தெரியாத கணக்குக்கு விடை எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம், படித்தவர்களுக்குத்தான் அதிகம்.

இந்த வித்தைக்குப் பெயர்போனவர் இத்தாலியில் பிறந்த இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தபோது, அவர் சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தார். வெடித்து ஏறக்குறைய 40 வினாடி கழித்து அதன் காற்றலை வந்து சேர்ந்தது. அந்த நேரத்தில் கையில் வைத்திருந்த காகிதத் துண்டுகளை ஆள் உயரத்திலிருந்து விழவிட்டார். அவை இரண்டரை மீட்டர் தள்ளி விழுந்தன. அதை வைத்து, வெடிப்பின் வலிமை 10,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம் என்று சொன்னார். பின்னர் கருவிகளையும் சோதனைகளையும் கொண்டு கணக்கிட்டபோது 20,000 டன்னுக்கு மேல் என்று வந்தது. பாதிதான் சொன்னார், ஆனால் பூஜ்யங்கள் சரி. அதுவும் காகிதத் துண்டுகளைக் கொண்டு! சிகாகோவில் பியானோ சீர்செய்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான். என் தெருவில் யார் வீட்டிலும் பியானோ இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

உடைத்துப் பெருக்குங்கள்

ஒருமுறை, சோதனையில் (ரெய்டில்) பணம் பிடிபட்டதாக ஒரு செய்தி வந்தது. மூன்று சூட்கேஸ்களில் 100 கோடி ரூபாய் ரொக்கம், எல்லாம் 500 ரூபாய்க் கட்டுகள். தலைப்பு கூடத் தயாராகிவிட்டது. ரூபாய் நோட்டின் எடை எவ்வளவு? எனக்குத் தெரியாது. மேசையில் ஏ4 தாள் கட்டு ஒன்று கிடந்தது. 500 தாள், இரண்டரைக் கிலோ. ஆக ஒரு தாள் 5 கிராம். 500 ரூபாய் நோட்டை அதன் மேல் பரப்பினால் ஆறு நோட்டு அடங்கும். ஆக நோட்டு முக்கால் கிராமுக்கு மேல். ரூபாய் நோட்டின் தாள் இன்னும் கனம் என்பது கையில் பிடித்தாலே தெரியும் என்பதால் ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு கோடி ரூபாய்க்கு 500 ரூபாய் நோட்டு 20,000 வேண்டும், 20 கிலோ. அரிசி மூட்டை மாதிரி ஒருவர் தூக்கிவிடலாம். 100 கோடிக்கு 2,000 கிலோ, அதாவது இரண்டு டன். சூட்கேஸ் ஒன்றுக்கு 650 கிலோவுக்கு மேல்! அதைத் தூக்க ஆளும் பிறக்கவில்லை, கைப்பிடியும் செய்யப்படவில்லை. ஒருவேளை 2,000 ரூபாய் நோட்டாக இருந்து நிருபர் மாற்றி எழுதிவிட்டாரோ என்றும் பார்த்தேன், அப்போது அந்த நோட்டு புழக்கத்தில் இருந்தது. அப்படியானாலும் மொத்தம் அரை டன், பெட்டிக்கு 170 கிலோ. நிருபரைத் தொலைபேசியில் பிடித்தேன். 100 கோடி என்பது ஆவணங்களில் இருந்த சொத்தின் மதிப்பாம். ரொக்கம் சில லட்சங்கள்தானாம். தலைப்பு மாறியது.

இதில் நான் செய்தது என்ன என்று கவனியுங்கள். தெரியாத ஒரு பெரிய எண்ணை, தெரிந்த சின்ன எண்களின் பெருக்கலாக உடைத்தேன். நோட்டின் எடை தெரியாது, தாளின் எடை தெரியும். உடைத்துக்கொண்டே போனால் ஏதோ ஓர் இடத்தில் கை படும் பொருள் வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தவறுவோம். ஆனால் எல்லாத் தவறுகளும் ஒரே பக்கம் சாய்வது அரிது. ஒன்று கூட, ஒன்று குறைய, பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால்தான் மொத்தமாக ஒரே தாவில் ஊகிப்பதைவிட நான்கு துண்டாக்கி ஊகிப்பது மேல். எல்லாத் துண்டுகளையும் வேண்டுமென்றே உயர்த்திப் போட்டீர்களானால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். வீடு கட்டும்போது நம் கணக்கு கவிழ்வது, எல்லாச் செலவையும் ஆசையால் குறைத்துப் போடுவதால்தான்.

மனப்பாடமாக வேண்டிய சில எண்கள்

நிறைய வேண்டாம். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஓர் ஆண்டுக்கு மூன்று கோடி வினாடிக்குச் சற்று மேல். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். மனிதன் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பான், ஒரு காலடிக்கு முக்கால் மீட்டர் கடப்பான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 7.21 கோடி, பரப்பு 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர். இவற்றோடு உங்கள் தொழிலில் கைக்குப் பழகிய நான்கைந்து எண்கள். சமையல்காரருக்கு ஒரு படிக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பது. தையற்காரருக்கு ஒரு சட்டைக்கு எத்தனை மீட்டர் என்பது. புத்தகத்தில் படித்த எண்ணைவிட இப்படிப்பட்டவை நம்பகமானவை.

தமிழ் நாளிதழில் வேலை செய்பவருக்கு இவற்றைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு: 11,574. காவிரிச் செய்தி வராத நாள் குறைவு. அணைக்கு வினாடிக்கு இத்தனை கன அடி வரத்து, இருப்பு இத்தனை டி.எம்.சி. என்று எழுதிக்கொண்டே இருப்போம். இரண்டுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அதை 86,400 வினாடியால் வகுத்தால் 11,574. அதாவது வினாடிக்கு 12,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வரத்தே இல்லாமல் 12,000 கன அடி திறந்துவிட்டால், நிரம்பிய அணை மூன்று மாதம் தாங்கும். பாதி நிரம்பிய அணையிலிருந்து அதே அளவு திறந்து ஆறு மாதம் பாசனம் செய்யலாம் என்று யாராவது சொன்னால், நடுவில் நல்ல மழையை நம்பியிருக்கிறார் என்று பொருள். மேட்டூரில் ஒரு மணி நேரத்தில் ஒரு டி.எம்.சி. ஏறியது என்று எழுதினால், வினாடிக்கு 2.78 லட்சம் கன அடி வந்திருக்க வேண்டும். அப்படி வந்திருந்தால் அந்த வெள்ளமே தலைப்புச் செய்தியாகியிருக்கும். அணையின் இருப்பு ஆறாம் பக்கத்துக்குப் போயிருக்காது.

இதையே குடிநீருக்கும் திருப்பலாம். ஒரு கன அடி 28.3 லிட்டர், ஒரு டி.எம்.சி. 2,830 கோடி லிட்டர். ஒரு கோடிப் பேர் வாழும் நகரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர். ஆக ஒரு டி.எம்.சி. 28 நாள் வரும். சென்னைக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. தேவை என்று செய்திகளில் அடிபடுவது இப்போது வெறும் எண்ணாகத் தெரியாது, இல்லையா? உங்கள் வாளியிலிருந்தே அதைக் கட்டியெழுப்பிவிட்டீர்கள்.

ஒன்றுமே தெரியாதபோது

சில கேள்விகளை உடைக்கக்கூட வழி தெரியாது. ஒரு கிலோ அரிசியில் எத்தனை மணி இருக்கும் என்று என் பேத்தி கேட்டாள். சும்மா ஒரு எண் சொல்லு என்றேன். தெரியாது தாத்தா என்றாள். ஆயிரத்துக்குக் குறைவாக இருக்குமா? இருக்காது, ஒரு கைப்பிடியிலேயே ஆயிரம் இருக்கும் போலிருக்கிறதே. பத்து லட்சத்துக்கு மேல்? அவ்வளவு இருக்காது. பாருங்கள், தெரியாது என்றவளுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது.

இப்போது நடு எண்ணைப் பிடிக்க வேண்டும். ஆயிரத்தையும் பத்து லட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஐந்து லட்சம் வரும். அது பெரிய எண்ணின் மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் நடு, நமக்கு உதவாது. பூஜ்யங்களுக்கு நடு பார்க்க வேண்டும். ஆயிரத்தில் மூன்று, பத்து லட்சத்தில் ஆறு, நடுவே நாலரை. நான்கு பூஜ்யம் பத்தாயிரம், ஐந்து பூஜ்யம் லட்சம். நாலரை என்றால் சுமார் 30,000. (நாலரைப் பூஜ்யம் எப்படி 30,000 ஆகும் என்பவர்களுக்கு: பத்தாயிரத்தை மூன்றால் பெருக்கினால் 30,000, மறுபடி மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய லட்சம். இரண்டு பக்கமும் ஒரே தூரம்.)

பிறகு 500 மணியை எண்ணிப் பொட்டலம் கட்டித் தெருமுனை நகைக்கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தராசில் போட்டார். ஒன்பது கிராம். கணக்குப் போட்டால் கிலோவுக்கு 55,000 மணி. எங்கள் 30,000 இரண்டு மடங்குக்குள் நின்றுவிட்டது. பொன்னி போன்ற சன்ன ரகமாக இருந்தால் மணி இன்னும் கூடும், பூஜ்யம் மாறாது.

இன்னொரு வாசல் வழியாகவும் வாருங்கள்

கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் மேசைக்கு வந்த எண்களிலேயே மிக மோசமானது. கட்சிக்காரர் ஒன்று சொல்வார், காவல்துறை ஒன்று சொல்லும், நிருபர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பார். 1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்பவர், தன் அறைக்குக் கீழே சதுக்கத்தில் மாணவர்கள் திரண்டு போராடுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு வழி கண்டார். தரையில் கட்டம் கட்டமாகக் கல் பாவியிருந்தது. ஒரு கட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணி, கட்டங்களால் பெருக்கினார். அவர் கண்ட அளவு இன்றும் செல்லும்: தளர்வான கூட்டத்தில் ஆளுக்குப் பத்துச் சதுர அடி, நெருக்கத்தில் நாலரை, மூச்சு முட்டும் நெரிசலில் இரண்டரை. நம் கணக்குக்கு ஒரு சதுர மீட்டரில் ஒருவர், இருவர், நால்வர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு மைதானத்தை நானே எட்டு வைத்து அளந்தேன். 200 மீட்டருக்கு 150 மீட்டர், 30,000 சதுர மீட்டர். அங்கே நடந்த கூட்டத்துக்கு ஐந்து லட்சம் பேர் வந்ததாகச் செய்தி. சதுர மீட்டருக்கு 16 பேர்! ஒருவர் தோளில் ஒருவராக நான்கு அடுக்கு நின்றிருக்க வேண்டும். மைதானம் முழுக்க நெரிசல் என்றாலும் 1.2 லட்சம், மேடை, தடுப்பு, நாற்காலி எல்லாம் கழித்தால் அறுபதாயிரமே பெரிது.

இதோடு நிறுத்தாமல் வேறு வழியிலும் போட்டுப் பாருங்கள். ஐந்து லட்சம் பேர் பஸ்ஸில் வந்தால், பஸ்ஸுக்கு 50 பேர் வீதம் 10,000 பஸ். ஒவ்வொன்றும் 12 மீட்டர். ஒட்டி ஒட்டி நிறுத்தினாலும் 120 கிலோமீட்டர் வரிசை, சென்னையிலிருந்து ஏறக்குறைய திண்டிவனம் வரை. அன்று சாலையில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றால்தான் நான் நிருபரை அழைப்பேன். ஒரு வழி மட்டும் உறுத்தினால் முதலில் என் கணக்கைத்தான் சந்தேகிப்பேன். அஞ்சலட்டை கற்றுக்கொடுத்த பணிவு.

உறுத்தல் வரும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம், அலகு. ஆங்கிலச் செய்தியிலிருந்து மொழிபெயர்க்கும்போது மில்லியன் பத்து லட்சம் என்பதும், பில்லியன் 100 கோடி என்பதும் அவசரத்தில் வழுக்கும். 72 மில்லியன் 72 லட்சமாகிவிடும், அல்லது 72 கோடியாகும், 7.2 கோடி ஆகாது. ஹெக்டேரை ஏக்கர் என்று எழுதினால் இரண்டரை மடங்குதான் மாறும், குத்துமதிப்பு அதைப் பிடிக்காது. அதற்கு வேறு கவனம் வேண்டும்.

பிடிக்காத இடங்கள் இன்னும் உண்டு. மருந்தின் அளவுக்கு இது ஆகாது. தேர்தலில் யார் வெல்வார் என்பதற்கு ஆகாது; 49 சதவீதத்துக்கும் 51 சதவீதத்துக்கும் ஒரே பூஜ்யம்தான்.

அரிசிக்குப் பிறகு பேத்திக்கு ருசி பிடித்துவிட்டது. வாசல் வேப்பமரத்தில் எத்தனை இலை என்று தொடங்கியிருக்கிறாள். ஒரு சிறு கொப்பில் எத்தனை, ஒரு கிளையில் எத்தனை கொப்பு, மரத்தில் எத்தனை கிளை என்று அவளே உடைத்துவிட்டாள். ஓர் இடத்தில்தான் நின்றாள். ஈர்க்கோடு சேர்ந்ததை ஓர் இலை என்பதா, அல்லது ஈர்க்கின் இரு பக்கமும் இருக்கும் ஒவ்வொன்றையும் இலை என்பதா? தாவரவியலில் முழு ஈர்க்கும் சேர்ந்துதான் ஓர் இலை, அதிலிருப்பவை சிற்றிலைகள். வேப்பிலை பறிக்கும் பாட்டிக்கோ ஒவ்வொன்றும் ஓர் இலை. எதை எண்ணினாலும் தவறில்லை, ஆனால் விடையில் ஒரு பூஜ்யத்துக்கு மேல் வித்தியாசம் வரும் என்றேன். கூட்டக் கணக்கிலும் ஒரே நேரத்தில் நின்றவர்களா, நாள் முழுக்க வந்துபோனவர்களா என்று கேட்காமல் போட்டதால்தான் பாதிச் சண்டை.

அவள் பாட்டியின் பக்கம் சேர்ந்துவிட்டாள். இப்போது ஓர் ஈர்க்கைப் பிய்த்து வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.